எசேனியரைச் சாக்கடல் கரையில் அடைக்காதீர்கள்

எசேனியர் என்ற பெயரைக் கேட்டதும் வாசகர் மனத்தில் எழும் படம் ஏறத்தாழ ஒன்றுதான். சாக்கடலின் வடமேற்குக் கரையோரம் ஒரு பொட்டல் மேடு. அதன்மேல் ஒரு மடம். வெள்ளாடை உடுத்த பிரமச்சாரிகள். ஊரையும் உறவையும் எருசலேம் ஆலயத்தையும் உதறிவிட்டு வந்து, தோல்சுருள்களைப் படியெடுத்துக்கொண்டு, உலகம் முடியும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள். வேதாகமப் பின்னணியை விளக்கும் கையேடுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆவணப்படங்கள் இதைத்தான் காட்டுகின்றன. இயேசு முப்பது வயதுவரை எங்கிருந்தார் என்று ஊகிக்கும் நூல்கள் அவரையும் கொண்டுபோய் அந்த மடத்தில்தான் சேர்க்கின்றன.

இந்தப் படத்தை நான் மறுக்கிறேன். இங்கொரு கோடும் அங்கொரு கோடும் திருத்தினால் இது சரியாகிவிடாது. வரையத் தொடங்கிய முறையே தவறு. எசேனியரைப் பற்றி நமக்குச் சாட்சி சொல்லும் பழைய எழுத்தாளர்களில் முதன்மையானவர்கள் மூவர்: அலெக்சாந்திரியாவின் பிலோ, எருசலேமில் பிறந்த ஜோசபஸ், ரோமானியரான மூத்த பிளினி. மூவரும் கி.பி. முதல் நூற்றாண்டினர். முதல் இருவரும் யூதர்கள், பக்கம் பக்கமாக எழுதியவர்கள். பிளினி எழுதியது சில வரிகள் மட்டுமே. நம் கையேடுகளோ அந்தச் சில வரிகளைச் சட்டமாக அடித்து வைத்துக்கொண்டு, மற்ற இருவரும் சொன்னதில் அதற்குள் அடங்குவதை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன. அடங்காததை விட்டுவிடுகின்றன. விடப்பட்டதுதான் பெரும்பகுதி.

முதலில் பிளினி. கி.பி. 77 அளவில் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட ‘இயற்கை வரலாறு’ நூலின் ஐந்தாம் புத்தகத்தில் அவர் யூதேயாவின் நில அமைப்பைச் சொல்லிக்கொண்டு போகிறார். யோர்தான் ஆறு, அது விழும் ஏரி, அந்த ஏரியின் மேற்கே கரைக்காற்றின் தீங்கு எட்டாத தொலைவில் எசேனியர். பெண்கள் இல்லை, பணம் இல்லை, பேரீச்சை மரங்களே துணை. வாழ்க்கையில் அலுத்தவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், யாரும் பிறக்காத அந்த இனம் ஆயிரமாயிரம் தலைமுறையாக அழியாமல் தொடர்கிறதாம். அவர்களுக்குக் கீழே என்கேதி; அப்புறம் மசாதா. அவ்வளவுதான். அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

இந்தப் பிளினி நமக்குப் புதியவர் அல்லர். முசிறித் துறைமுகத்தைப் பற்றியும், கரையிலிருந்து வெகு தொலைவில் மதுரையில் இருந்த பாண்டியனைப் பற்றியும் ஆறாம் புத்தகத்தில் எழுதியவர் இவரே. அந்த வரிகளைத் தமிழக வரலாற்றாசிரியர்கள் எப்படிக் கையாளுகிறார்கள்? மதிப்போடு எடுத்துக்கொள்கிறார்கள்; ஆனால் சங்கப் பாடல்களோடும் அகழாய்வோடும் ஒட்டிப் பார்க்காமல் ஒரு வரியையும் ஏற்பதில்லை. காரணம், பிளினி ஒரு தொகுப்பாளர். நூறு ஆசிரியர்களின் இரண்டாயிரம் சுவடிகளிலிருந்து செய்திகளைத் திரட்டியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். ஏழாம் புத்தகத்தில் இந்தியாவின் நாய்த்தலை மனிதர்களையும், ஒற்றைக் காலை உயர்த்தி அதன் நிழலில் படுத்துக்கொள்பவர்களையும் அதே நடையில், அதே நம்பிக்கையோடு விவரிக்கிறார். எசேனியரும் அவருக்கு உலக விந்தைகளில் ஒன்று. ஆயிரமாயிரம் தலைமுறை என்ற சொற்றொடரே அதைக் காட்டிக்கொடுக்கிறது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் எசேனியரைப் பற்றிய பேச்சே எங்கும் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்கேதி இப்போது சாம்பல்மேடு என்று பிளினிக்குத் தெரிந்திருக்கிறது. ரோமப் படையெடுப்புக்குப் பின் எழுதுகிறார். ஆனால் எசேனியரை மட்டும் இன்றும் அங்கே வாழ்கிறவர்களாகச் சொல்கிறார். சாக்கடலின் வடமேற்குக் கரை மேட்டிலுள்ள கும்ரான் குடியிருப்பைத் தோண்டிய ரோலண்ட் டி வோ, அது கி.பி. 68இல் ரோமர்களால் அழிக்கப்பட்டது என்று முடிவு செய்தார். அப்படியானால் கும்ரானைத்தான் பிளினி சொல்கிறார் என்பவர்கள் இரண்டில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எரிந்துபோன ஓர் இடத்தை, அது எரிந்தது தெரியாமலே, பழைய நூலொன்றிலிருந்து எடுத்து எழுதினார். அல்லது அவர் சொல்லும் இடம் கும்ரானே அல்ல. என்கேதிக்கு மேலேயிருக்கும் மலைச்சரிவில் சிறு குடில்களைக் கண்டெடுத்த யிசார் ஹிர்ஷ்ஃபெல்ட், பிளினியின் எசேனியர் அங்கேதான் இருந்தார்கள் என்று 1998இல் வாதிட்டார். அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. ஆனாலும், கையேடுகள் சந்தேகமற்றது என்று காட்டும் இடக்குறிப்பு எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு அந்த வாதமே சான்று.

பிளினிக்குத் துணையாக டியோ கிறிசோஸ்தம் என்ற கிரேக்கப் பேச்சாளரை அழைப்பார்கள். சாக்கடல் அருகே எசேனியருக்கு ஒரு முழு நகரமே இருந்ததாக அவர் புகழ்ந்தாராம். அவர் எழுதியது கைக்கு வரவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து சினேசியஸ் என்பவர் ஒரு வாக்கியத்தில் அதைக் குறிப்பிடுகிறார். அவ்வளவே ஆதாரம். சாக்கடல் ஓரம் எசேனியர் யாருமே வாழவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு குழு வாழ்ந்திருக்கலாம். அந்தக் கிளையை மரமாக்குவதோடுதான் என் சண்டை.

பிலோவிடம் வருவோம். இவர் இறந்தது கி.பி. 50ஐ ஒட்டி; மூவரிலும் மூத்தவர். நல்லவர் ஒவ்வொருவரும் சுதந்திரரே என்று நிறுவும் நூலொன்றில் எசேனியரை எடுத்துக்காட்டாக வைக்கிறார். பாரசீகத்து மாகியர், இந்தியாவின் ஆடையற்ற ஞானிகள் ஆகியோரின் வரிசையில் இவர்கள் வருகிறார்கள். எண்ணிக்கை நாலாயிரத்துக்கு மேல். உழவர்கள், கைவினைஞர்கள். அம்பு, ஈட்டி, வாள், கேடயம் செய்பவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வணிகம் இல்லை, அடிமை இல்லை. ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் வயதுப்படி வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க, கற்றறிந்த இன்னொருவர் பொருள் சொல்லக் கேட்கிறார்கள். நகரங்களின் ஒழுக்கக்கேட்டுக்கு அஞ்சிக் கிராமங்களில் வாழ்கிறார்கள் என்கிறார் இந்நூலில். திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எடுத்தாண்டதால் தப்பிப் பிழைத்த இன்னொரு நூலிலோ, யூதேயாவின் பல நகரங்களிலும் பல கிராமங்களிலும் பெருந்திரளாக இருக்கிறார்கள் என்கிறார். கிராமமா நகரமா என்பதில் பிலோவே தன்னோடு முரண்படுகிறார். ஆனால் பாலைவனம் என்று இரண்டிலும் இல்லை. சாக்கடலும் இல்லை.

அந்த இரண்டாம் நூலில் ஒரு செய்தி வருகிறது. கையேடுகள் அதைத் தொடுவதேயில்லை. எசேனியர் நிலத்தில் உழைக்கிறார்கள், ஆடுமாடு மேய்க்கிறார்கள், தேனீ வளர்க்கிறார்கள், பலவகைத் தொழில் செய்கிறார்கள். கிடைக்கும் கூலியை அவரவர் வைத்துக்கொள்வதில்லை. தேர்ந்தெடுத்த ஒரு பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வேண்டியதை வாங்கிவந்து எல்லோருக்கும் சோறு போடுகிறார். குளிருக்குக் கனத்த மேலாடை, கோடைக்கு மெல்லிய ஆடை, எல்லாம் பொது. நோயாளியைப் பொதுச் செலவில் பார்த்துக்கொள்கிறார்கள். கூலி என்றால் கூலி கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? பகல் முழுதும் ஊராரோடு வேலை செய்துவிட்டு மாலையில் தம்மவர் வீட்டுக்குத் திரும்பும் மனிதர்களை பிலோ காட்டுகிறார். உலகத்தைத் துறந்து ஓடிய யாரையும் காட்டவில்லை.

இதைவிடத் தெளிவான சான்றும் பிலோவிடம் உண்டு. அலெக்சாந்திரியாவுக்கு அருகே மரேயோட்டிஸ் ஏரிக்கரையில் தனித்தனிக் குடில்களில் தியானத்தில் வாழ்ந்த தெரப்பூத்தே என்ற யூத ஆண்களையும் பெண்களையும் பற்றி அவர் ஒரு தனிநூல் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: செயல்வாழ்வை மேற்கொண்ட எசேனியரைப் பற்றி முன்பே பேசிவிட்டேன், இனித் தியானவாழ்வை மேற்கொண்டவர்களைப் பேசுகிறேன் என்று. துறவு எது, உழைப்பு எது என்று கோடு கிழித்து, எசேனியரை உழைப்பின் பக்கம் நிறுத்தியவர் பிலோ. நாலாம் நூற்றாண்டில் யூசேபியஸ் அந்த தெரப்பூத்தேக்களைத் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் என்றே கருதினார். பின்வந்த வாசகர்கள் அவர்களையும் எசேனியரையும் ஒன்றாகக் குழப்பி, ஏரிக்கரைத் தியானத்தை யூதேயாவின் உழவர்கள்மேல் ஏற்றிவிட்டார்கள். மூல ஆசிரியர் கிழித்த கோட்டை அழித்துவிட்டு அவரையே சாட்சிக்கு அழைப்பது எந்த நியாயம்?

இனி ஜோசபஸ். ‘யூதப் போர்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் யூதர்களின் மூன்று தத்துவங்களை விவரிக்கும்போது, பரிசேயருக்கும் சதுசேயருக்கும் சேர்த்து இன்றைய பதிப்புகளின் எண்ணிக்கைப்படி ஐந்தே பத்திகள் கொடுக்கிறார்; எசேனியருக்கு நாற்பதுக்கு மேல். எசேனியரை வரையறுக்க நினைக்கும் எவரும் இங்கேதான் தொடங்க வேண்டும். அவர் முதலில் சொல்வது, அவர்களுக்கென்று ஒரு நகரம் கிடையாது, ஒவ்வொரு நகரத்திலும் பலர் குடியிருக்கிறார்கள் என்பது. வெளியூரிலிருந்து தம்மவர் வந்தால் முன்பின் பார்த்திராதவர் வீட்டுக்குள்ளும் நெடுநாள் நண்பரைப்போல நுழைகிறார். ஆகையால் பயணத்தில் அவர்கள் எதையும் சுமந்து போவதில்லை. கொள்ளையருக்கு அஞ்சி ஆயுதம் மட்டும் வைத்திருக்கிறார்கள். வந்தவருக்குத் துணியும் உணவும் பார்த்துக் கொடுப்பதற்கென்றே ஒவ்வொரு நகரிலும் ஒருவரை நியமித்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரு மேட்டின்மேல், ஒரு மதிலுக்குள் இருந்தார்கள் என்றால் ஊருக்கு ஊர் விருந்தோம்பல் பொறுப்பாளர் எதற்கு? வழியில் கள்ளர் பயம் எதற்கு? ஓயாமல் பயணம் போய்க்கொண்டிருந்த, பல ஊர்களில் வீடுகள் இருந்த, ஒருவரையொருவர் முகம் தெரியாமலே நம்பிய ஒரு வலைப்பின்னலுக்குத்தான் அப்படியொரு பொறுப்பாளர் தேவை. ஜோசபஸும் எண்ணிக்கையை நாலாயிரத்துக்கு மேல் என்றே சொல்கிறார். அதைப் பிலோவிடமிருந்து எடுத்தாரா, தானே அறிந்தாரா என்பது ஒருபுறமிருக்கட்டும். கும்ரானில் ஒரே காலத்தில் எத்தனை பேர் வாழ்ந்திருக்க முடியும் என்று கணக்கிட்டவர்களில் தாராளமானவர்கள்கூடச் சில நூறைத் தாண்டவில்லை. மீதி மூவாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே?

சிறிய, ஒதுங்கிய குழு என்ற பேச்சும் இதோடு விழுகிறது. ஏரோதுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பரிசேயர் ஆறாயிரத்துக்கு மேல் என்று ஜோசபஸ் வேறோரிடத்தில் எழுதுகிறார். ஆறாயிரம் பரிசேயர் மக்களை ஆட்டிவைத்த பெருங்கட்சி, நாலாயிரம் எசேனியர் மட்டும் மூலையில் கிடந்த சிறுகூட்டம் என்று எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

அவர்களுடைய ஒரு நாளை ஜோசபஸ் விவரிப்பதைப் படித்தால்தான் அந்த வாழ்க்கையின் இறுக்கம் புரியும். விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். சூரியன் வரும்வரை உலகப்பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. எழுந்தருளும்படி அதை வேண்டுவதுபோல முன்னோர் வழிவந்த ஜெபங்களைச் சொல்கிறார்கள். பிறகு மேற்பார்வையாளர்கள் அவரவருக்குத் தெரிந்த தொழிலுக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஐந்தாம் மணிவரை, நம் கணக்கில் ஏறத்தாழப் பதினொரு மணிவரை, கடும் உழைப்பு. திரும்பி வந்து இடுப்பில் லினன் துணி கட்டிக்கொண்டு குளிர்ந்த நீரில் குளிக்கிறார்கள். வெளியார் யாரும் கால்வைக்க முடியாத அறைக்குள் போய் அமைதியாக உட்காருகிறார்கள். ரொட்டி சுடுபவர் வரிசைப்படி ரொட்டி வைக்கிறார். சமையல்காரர் ஆளுக்கு ஒரு தட்டில் ஒரே வகைப் பதார்த்தம் வைக்கிறார். ஆசாரியர் ஜெபம் செய்யுமுன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பிட்டு முடிந்ததும் அந்த உடையைப் புனித உடைபோலக் களைந்து வைத்துவிட்டு மாலைவரை மறுபடி வேலை. இரவு உணவுக்கு வெளியூர் விருந்தினர் இருந்தால் அவர்களும் கூட உட்காருகிறார்கள். உள்ளேயிருந்து கூச்சலோ சலசலப்போ எழுவதில்லையாம். அந்த மௌனம் வெளியே இருப்பவர்களுக்கு அச்சமூட்டும் மறைபொருள்போலத் தோன்றுமாம்.

வெளியே இருப்பவர்கள் என்று ஜோசபஸ் சொல்வதைக் கையேடுகள் கவனிப்பதேயில்லை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று காதுகொடுக்கும் அண்டை வீட்டார் அங்கே இருக்கிறார்கள். இது தெருவிலுள்ள வீடு.

பெயர் தெரிந்த நான்கு எசேனியரை ஜோசபஸ் தருகிறார். நால்வரில் ஒருவர்கூடப் பாலைவனத்தில் இல்லை. முதலாமவர் யூதாஸ், கி.மு. 103. அரசன் அரிஸ்டோபூலஸின் தம்பி ஆண்டிகோனஸ் எருசலேம் ஆலய வளாகத்தின் ஊடே நடந்துபோகிறான். சீடர்கள் சூழ அங்கே உட்கார்ந்திருந்த யூதாஸ் அவனைக் கண்டதும் பதறிப்போகிறார். இன்று ஆண்டிகோனஸ் ஸ்ட்ராட்டோன் கோபுரத்தில் கொல்லப்படுவான் என்று அவர் முன்பே வாக்குச் சொல்லியிருந்தார். அந்த ஊர் கடற்கரையில், 600 ஸ்டேடியாவுக்கு அப்பால், நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவில் இருக்கிறது. பொழுதும் ஏறிவிட்டது. ஆளோ உயிரோடு கண்முன்னே நடக்கிறான். வாழ்நாளில் பொய்க்காத என் வாக்குப் பொய்த்ததே, இனி நான் சாவதே மேல் என்று புலம்புகிறார். சற்று நேரத்தில் செய்தி வருகிறது. அரண்மனையை ஒட்டிய நிலவறைப் பாதையில் ஆண்டிகோனஸை வெட்டிவிட்டார்கள். அந்த நிலவறைக்கும் ஸ்ட்ராட்டோன் கோபுரம் என்றே பெயர். வாக்குப் பலித்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. ஆலய வளாகத்தில் ஓர் எசேனிய ஆசிரியர் மாணவர்களோடு உட்கார்ந்து கற்பிக்கிறார், அதில் யாருக்கும் வியப்பில்லை என்பதுதான் முக்கியம். ஆலயத்தை உதறிச் சென்றவர்கள் என்று எழுதுபவர்கள் இந்தக் காட்சிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இரண்டாமவர் மெனாகேம். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுவன் ஏரோதைப் பார்த்து, யூதர்களின் அரசே என்று வாழ்த்தியவர். சிறுவன் நம்பாமல் மறுத்தபோது சிரித்துக்கொண்டே பின்புறத்தில் தட்டி, நீ அரசாள்வாய், இந்த அடியை நினைவில் வைத்துக்கொள் என்கிறார். பிறகு அரியணையில் அமர்ந்த ஏரோது அவரை அழைத்துத் தன் ஆட்சி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று கேட்கிறான். அன்றுமுதல் எசேனியருக்கு அரண்மனையில் மரியாதை. விசுவாசப் பிரமாணத்திலிருந்து அவர்களுக்கு விலக்கும் கொடுத்தான். மூன்றாமவர் சீமோன், கி.பி. 6ஐ ஒட்டி ஆட்சியாளன் அர்கெலாவுவின் கனவுக்குப் பொருள் சொன்னவர். நாலாமவர் யோவான், கி.பி. 66இல் ரோமருக்கு எதிரான கிளர்ச்சியின் தளபதிகளில் ஒருவர். தம்னா மாவட்டமும் லித்தா, யோப்பா, எம்மாவு ஊர்களும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. அஸ்கலோன் நகரைத் தாக்கப்போன படையில் போரிட்டு மாண்டார்.

ஆலயத்தில் ஓர் ஆசிரியர், தெருவில் ஒரு தீர்க்கர், அரண்மனையில் ஒரு கனவுவல்லார், போர்க்களத்தில் ஒரு தளபதி. இந்த நால்வரையும் வைத்துக்கொண்டு எசேனியரை வரையறுத்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. யூதேயாவின் நகரங்களிலும் ஊர்களிலும் பரவியிருந்த, சத்தியப் பிரமாணம் எடுத்துச் சேரவேண்டிய, பொதுப்பணத்தில் வாழ்ந்த, கைத்தொழில் செய்த, தீர்க்கதரிசனத்துக்குப் பேர்போன, அரசர்களும் அறிந்திருந்த ஒரு கட்டுப்பாடான சங்கம்.

அப்படியானால் பிரமச்சரியம்? அதிலும் கையேடுகள் ஜோசபஸைப் பாதியிலேயே மூடிவிடுகின்றன. திருமணத்தைத் தவிர்ப்பவர்கள் என்று தொடக்கத்தில் சொல்பவர், முடிக்கும்போது எசேனியரில் இன்னொரு பிரிவும் உண்டு என்கிறார். வாழ்க்கைமுறை, வழக்கங்கள், சட்டங்கள் எல்லாவற்றிலும் மற்றவர்களோடு ஒன்றியவர்கள். திருமணத்தில் மட்டும் வேறு. எல்லோரும் இப்படியே இருந்துவிட்டால் மனித இனமே அற்றுப்போகும் என்பது அவர்கள் வாதம். பெண்ணை மூன்றாண்டு சோதித்த பிறகே மணக்கிறார்கள். கருவுற்றால் உறவு கொள்வதில்லை. பெண்கள் ஆடை சுற்றிக்கொண்டு குளிக்கிறார்கள், ஆண்கள் லினன் துணி கட்டுவதுபோலவே. சங்கத்தின் குளியல் முறை பெண்களுக்கும் இருந்தது என்றால், அவர்களும் ஏதோ ஓர் அளவில் அதன் ஒழுங்குக்குள் இருந்தவர்கள். பெண்கள் சுயநலக்காரிகள், ஒருவருக்கு உண்மையாக இருக்கமாட்டார்கள் என்று பிலோவும் ஜோசபஸும் எசேனியர் வாயில் வைக்கும் காரணங்கள் அந்தக் காலத்துக் கிரேக்க நூல்களில் அலுக்குமளவு கிடைப்பவை. அவை எசேனியரின் கருத்துதானா, எழுதியவர்களின் கருத்தா என்று கேட்காமலே நாம் இரண்டாயிரம் ஆண்டாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒப்பித்தலில் காணாமல்போனவர்கள் எசேனியப் பெண்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

சைவ உணவுக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். எசேனியர் இறைச்சியும் மதுவும் தொடாதவர்கள் என்று ஜோசபஸ் எழுதியதாக நாலாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் சொன்னார். ஜோசபஸ் அப்படி எங்கும் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் எட்மண்ட் செக்கெலி ‘எசேனிய நற்செய்தி’ என்று ஒன்றை வெளியிட்டு, வாட்டிகனில் அதன் மூலப்படியைக் கண்டதாகச் சொன்னார். அப்படியொரு படி அவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படவில்லை. இயற்கை உணவு இயக்கத்தார் பலர் அதை நம்பி மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல உணவுப் பழக்கத்துக்குப் போலிச் சாட்சி தேவையில்லை.

இனி உண்மையான எதிர்வாதத்துக்கு வருகிறேன். சாக்கடல் சுருள்கள். 1946–47 வாக்கில் தாமிரா பழங்குடி இடையர்கள் கும்ரானுக்கு அருகே முதல் சுருள் குகையைக் கண்டார்கள். எபிரேயப் பல்கலைக்கழகத்தின் எலியேசர் சுகெனிக் 1948லேயே இவை எசேனியருடையவை என்றார். 1951 முதல் 1956 வரை கும்ரானைத் தோண்டிய டி வோ ஒரு தொமினிக்கத் துறவி. மைக்கூடுகள் கிடைத்த அறைக்கு மடங்களின் எழுத்துக்கூடம் என்ற பெயரையும், தட்டுகள் அடுக்கிக் கிடந்த அறையை ஒட்டிய கூடத்துக்கு மடங்களின் உணவுக்கூடம் என்ற பெயரையும் ஒட்டினார். அறிவாலும் உழைப்பாலும் மிகப் பெரியவர். ஆனால் அவர் இட்ட பெயர்களே பின்னால் சான்றுகளாக உருமாறின.

ஒற்றுமைகள் உண்மையானவை, அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. ஜோசபஸ் சொல்லும் எசேனியர் கூட்டத்தின் நடுவே துப்பமாட்டார்கள். ‘சமூக விதி’ என்ற சுருளில் சபை நடுவே துப்புபவனுக்கு முப்பது நாள் தண்டனை. இங்கும் படிப்படியான சேர்க்கை, அங்கும் படிப்படியான சேர்க்கை. இங்கும் பொதுச்சொத்து, அங்கும். சுருள்களில் எசேனியர் என்ற பெயரே இல்லை என்பாரும் உண்டு. அந்த வாதத்தை நான் எடுக்கமாட்டேன், கிரேக்கத்தில் எழுதியவர்கள் வழங்கிய பெயரை எபிரேயத்தில் தேடுவது சரியில்லை. என் கேள்வி வேறு. ஒற்றுமை எவ்வளவு சேர்ந்தால் அது ஆளடையாளம் ஆகும்? அப்போஸ்தலர் நடபடிகளில் எருசலேமின் முதல் கிறிஸ்தவர்கள் சொத்தைப் பொதுவாக்கி, சேர்ந்து உண்கிறார்கள். சொத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியாவும் சப்பீராளும் செத்து விழுகிறார்கள். அவர்களை எசேனியர் என்று யாரும் முடிவு கட்டவில்லை. தூய்மை விதிகளைக் கடைப்பிடிக்கச் சேர்ந்த யூதத் தோழமைக் குழுக்களிலும் படிப்படியான சேர்க்கை இருந்ததை மிஷ்னாவும் தோசெப்தாவும் காட்டுகின்றன.

வேற்றுமைகளைப் பாருங்கள். அடிமை வைத்துக்கொள்வதில்லை என்பதில் பிலோவும் ஜோசபஸும் ஒரே குரல். கெய்ரோ ஜெனிசாவிலிருந்து வந்து 1910இல் சாலமன் ஷெக்டர் பதிப்பித்ததும், பிறகு கும்ரான் குகைகளில் துண்டுகளாகக் கிடைத்ததுமான ‘தமஸ்கு ஆவணம்’ அடிமைகளை வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் சொல்கிறது. மனைவி மக்களோடு வாழ்பவர்களை மாதத்தில் இரண்டு நாள் கூலியைப் பொதுநிதிக்குக் கொடுக்கச் சொல்கிறது. மீதி அவரவர் கையில். மணம்செய்யும் எசேனியரின் நூல் அது என்று சமாதானம் சொல்வார்கள். மணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் ஒன்றியவர்கள் என்றல்லவா ஜோசபஸ் சொல்கிறார்? ‘போர்ச்சுருள்’ கேடயத்தின் நீள அகலத்தையும் ஈட்டியின் வேலைப்பாட்டையும் காதலோடு விவரிக்கிறது. பிலோவின் எசேனியரோ ஆயுதம் செய்பவனைச் சேர்த்துக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது நாட்காட்டி. சுருள்களின் சமூகத்துக்கு ஆண்டு 364 நாள். எருசலேம் ஆலயத்தின் பண்டிகைகளும் அவர்களுடைய பண்டிகைகளும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. அந்தச் சமூகத்தின் தலைவரான நீதியின் ஆசிரியர் பாவநிவாரண நாள் அனுசரித்துக்கொண்டிருந்தபோது துன்மார்க்க ஆசாரியன் அவரைத் தேடிவந்து தாக்கியதாக ‘ஆபகூக் விளக்கம்’ சொல்வதற்குப் பின்னால் இந்த நாள் வேறுபாடுதான் இருக்கிறது. நாலாயிரம் பேர், ஊர்தோறும் வீடு, ஆனால் ஊர் நோன்பிருக்கும்போது இவர்கள் உண்கிறார்கள்; இவர்கள் நோன்பிருக்கும்போது ஊர் உண்கிறது. இது பக்கத்து வீட்டுக்கும் தெரியும். துப்பும் வழக்கத்தையும் எண்ணெய் பூசாமையையும்கூட எழுதிவைத்த ஜோசபஸ் இதை எழுதாமல் விட்டார் என்று நம்பச் சொல்கிறார்கள். ரோமானியரிடம் மேசியாவைப் பற்றிப் பேச அவர் தயங்கினார் என்றால் புரிந்துகொள்கிறேன். நாட்காட்டியை மறைக்க என்ன காரணம்? சுருள்களில் வரும் சாதோக்கின் புதல்வர்கள் என்ற ஆசாரியத் தலைமையை மறைக்க என்ன காரணம்?

சுருள்களின் சமூகமும் எசேனியரும் உறவினராக இருந்திருக்கலாம். ஒரே சீர்திருத்த வேகத்தில் பிறந்த இரு கிளைகளாகவும் இருந்திருக்கலாம். அதை ஆராயட்டும். ஆனால் ஆராய்ச்சியின் வரிசை முக்கியம். முதலில் பிலோவின் எசேனியர் யார், ஜோசபஸின் எசேனியர் யார் என்று தனித்தனியே, முழுதாகப் படித்து முடிவுகட்ட வேண்டும். அதன்பின் சுருள்களோடு ஒப்பிட வேண்டும். இன்று நடப்பது தலைகீழ். சுருள்களை எசேனியம் என்று முன்கூட்டியே பெயரிட்டுவிட்டு, அவற்றோடு ஒத்துப்போகாதபோது ஜோசபஸுக்குத் தெரியவில்லை, பிலோ அலங்கரிக்கிறார் என்று சாட்சிகளைத் திருத்துகிறார்கள்.

ஜோசபஸுக்கு எல்லாம் தெரியும் என்பதல்ல என் கட்சி. பதினாறு வயதில் மூன்று பிரிவுகளையும் கடுமையாக முயன்று பார்த்தேன், பிறகு பானூஸ் என்ற வனவாசியிடம் மூன்றாண்டு இருந்தேன், பத்தொன்பதாம் வயதில் பரிசேயர் வழியில் நடக்கத் தொடங்கினேன் என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். மூன்றாண்டு பானூஸுக்கே போய்விட்டது. எசேனியரிடம் சேர மூன்றாண்டு சோதனை என்று அவரே சொல்லும்போது, அவர் உள்ளே போய்ப் பிரமாணம் எடுத்திருக்க வழியே இல்லை. ஆலயப் பலி விஷயத்தில் அவருடைய ‘யூதத் தொன்மைகள்’ பாடமே இரண்டாகக் கிடக்கிறது: கிரேக்கப் படிகளின்படி எசேனியர் வேறு தூய்மைமுறையோடு பலியிடுகிறார்கள், பழைய லத்தீன் மொழிபெயர்ப்பின்படி பலியிடுவதில்லை. கிரேக்க வாசகருக்கு உகந்தவர்களாக எசேனியரை அவர் மெருகேற்றியிருக்கிறார் என்பதும் மெய்யே. அவர்களின் ஆன்மா போகும் இடத்தைக் கிரேக்கரின் புண்ணியத் தீவுகளோடு ஒப்பிடுகிறார். இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. புகழ்வதற்காக எழுதிய இடத்தில் மெருகு இருக்கும். போகிற போக்கில் உதிர்த்த செய்தியில் அது இராது. யூதாஸும் மெனாகேமும் சீமோனும் யோவானும் வருவது வேறு கதைகளின் நடுவே.

இந்தப் போகிற போக்குச் செய்திகள்தான் இன்னொரு தரப்புக்கும் பதில். எசேனியர் என்று யாருமே இருந்ததில்லை, பிலோவின் கற்பனை ஜோசபஸ்வரை வளர்ந்தது என்று இஸ்ரேலிய அறிஞர் ராகேல் எலியோர் 2009இல் வாதிட்டார். மடத்துப் படத்தின்மேல் அவருக்கு வந்த சினம் எனக்குப் புரிகிறது. ஆனால் டைட்டஸின் முற்றுகையை விவரிக்குமுன் எருசலேம் மதிலின் போக்கை அடி அடியாகச் சொல்லும் ஜோசபஸ், மேற்குப் பக்கம் பெத்ஸோ என்ற இடத்தைக் கடந்து எசேனியர் வாயில்வரை மதில் போய், பிறகு தெற்கே திரும்புகிறது என்று எழுதுகிறார். அங்கே எசேனியரைப் பற்றி அவர் எதையும் நிறுவ முயலவில்லை. மதில் எங்கே திரும்புகிறது என்பதைத்தான் சொல்கிறார். அந்த நகரத்தை முற்றுகையிட்ட படைவீரர்களும் அதில் பிறந்து வளர்ந்து உயிர்தப்பியவர்களும் உயிரோடிருந்த காலத்தில் எழுதிய நூல் அது. இல்லாத கூட்டத்தின் பெயரை இருக்கிற மதிலுக்கு அடையாளமாகச் சொன்னால் அவர்களில் ஒருவரும் ஏற்றிருக்க மாட்டார்கள். எசேனியர் இருந்தார்கள். தலைநகரின் ஒரு வாயிலுக்கு மக்கள் அவர்கள் பெயரைச் சொல்லும் அளவுக்கு, அந்தத் தெருக்களில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.